குவார்ட்டர்பேக்கை எடைபோடுவது எப்படி? என்எஃப்எல் டிராஃப்டுக்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிப்ரவரி பிறந்தால் போதும், அமெரிக்கன் ஃபுட்பால் பார்ப்பவர்களிடம் ஒரே சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி வரும். அவற்றைக் கேட்டவர்களின் வாக்கிலேயே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறோம். ஆட்டத்தின் அடிப்படை தெரிந்தவர்கள் நேரே 3ஆம் கேள்விக்குப் போகலாம்.

1. டிராஃப்ட்னா என்ன? அதுல குவார்ட்டர்பேக்கை மட்டும் ஏன் இப்படி உலுக்கி எடுக்கிறாங்க?

கல்லூரியில் ஆடிய வீரர்களை என்எஃப்எல் என்ற அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் 32 அணிகளும் முறை வைத்து எடுத்துக்கொள்வதுதான் டிராஃப்ட். ஏப்ரல் கடைசியில் மூன்று நாள், ஏழு ரவுண்டு. போன பருவத்தில் கடைசியில் நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு. பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆன பிறகுதான் ஒரு வீரர் இதில் பெயர் கொடுக்க முடியும்.

குவார்ட்டர்பேக், தாக்கும் அணியில் பந்தை எறிபவர்; ஏறக்குறைய ஒவ்வொரு ஸ்நாப்பிலும் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும்) பந்தைத் தொடுபவர். நல்லவர் கிடைத்தால் பத்து, பதினைந்து ஆண்டுக்குக் கவலை இல்லை. பணக் கணக்கும் இருக்கிறது. 2010இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு உத்தரவாதத் தொகை மட்டுமே 5 கோடி டாலர். 2011இல் புதியவர்களின் சம்பளத்துக்கு வரம்பு வந்தது. அந்த ஆண்டு முதல் ஆளான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு 2.2 கோடிதான். மலிவான ஒப்பந்தத்தில் ஒரு நல்ல குவார்ட்டர்பேக் இருந்தால் மிச்சப்படும் பணத்தில் மற்ற இடங்களை நிரப்பலாம். அதனால்தான் 2024இல் முதல் 12 தேர்வுக்குள் ஆறு குவார்ட்டர்பேக்குகள் போனார்கள்.

2. எல்லாரும் "ஃபிலிம் பாரு"ங்கிறாங்க. டிவியில மேட்ச் பாத்தா போதாதா?

பாதிதான் தெரியும். டிவி கேமரா பந்தின் பின்னால் போகும். பந்தைப் பிடிக்க ஆழத்தில் ஓடும் ரிசீவர்களும், தற்காப்பில் கடைசியாகப் பின்னால் நிற்கும் இரண்டு சேஃப்டிகளும் திரைக்கு வெளியே இருப்பார்கள். ஸ்கவுட்டுகள் (அணிக்காக வீரர்களைத் தேடி மதிப்பிடுபவர்கள்) பார்ப்பது 22 பேரும் தெரியும் ஃபிலிம்: மேலிருந்து பக்கவாட்டில் ஒன்று, கோல் பக்கத்திலிருந்து ஒன்று. யார் தனியாக நின்றார், குவார்ட்டர்பேக் அவரைக் கவனித்தாரா என்பது அதில்தான் தெரியும்.

கல்லூரி ஆட்டத்துக்கு அந்த ஃபிலிம் ரசிகர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. டிவிப் பதிவை வைத்துக்கொண்டு கால் நகர்வு, பந்தை விடும் நேரம், நெருக்கடியில் நடந்துகொள்ளும் விதம் மூன்றையும் தாராளமாகப் பார்க்கலாம். "தனியா நின்னவனைப் பாக்காம விட்டுட்டான்" என்ற தீர்ப்பை மட்டும் டிவியை வைத்து எழுதாதீர்கள்.

3. சரி, ஃபிலிம்ல எதைத்தான் பாக்கணும்? பந்து எங்க போகுதுன்னுதானே?

பந்தைக் கடைசியாகப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்நாப்பையும் மூன்று முறை ஓட்டுவது நல்ல பழக்கம். முதல் முறை, ஸ்நாப்புக்கு முன் சேஃப்டிகளை எண்ணுங்கள்: நடுவில் ஒருவரா, பிரிந்து இருவரா? ஸ்நாப்புக்குப் பிறகு அந்த அமைப்பு மாறியதா? இரண்டு பேர் நிற்பதாகக் காட்டிவிட்டு ஒருவர் கீழே இறங்குவதுதான் என்எஃப்எல் தற்காப்பின் அன்றாட வித்தை. மாற்றத்தைக் குவார்ட்டர்பேக்கின் தலை கண்டுகொண்டதா என்பது ஹெல்மெட் திரும்பும் திசையிலேயே தெரியும்.

இரண்டாம் முறை, பாதங்கள். பின்வாங்கும் கடைசி அடியும் முதல் ரிசீவர் திரும்பும் கணமும் ஒன்றுசேர வேண்டும். முதல் ஆள் மூடப்பட்டிருந்தால் ஒரு சின்னத் துள்ளல், இடுப்பு அடுத்த ஆளை நோக்கித் திரும்புதல், மறுபடி மூடியிருந்தால் இன்னொரு துள்ளல். இப்படிக் கண்ணும் காலும் சேர்ந்து நகர்பவர் வரிசையாகப் படிக்கிறார். கால் ஒரே இடத்தில் நட்டபடி இருந்து தலை மட்டும் ஆடினால், பார்ப்பதுபோல் பாவனைதான். கையில் ஒரு ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்நாப்பிலிருந்து 2.5 விநாடியை ஒட்டிப் பந்து போனால் ஒழுங்கான தாளம். திரும்பத் திரும்ப 3 விநாடியைத் தாண்டினால் ஏன் என்று தேட வேண்டும்.

மூன்றாம் முறை பந்து. கம்ப்ளீட் ஆனதா (ரிசீவர் பிடித்தாரா) என்பதைவிட எங்கே விழுந்தது என்று பாருங்கள். குறுக்கே ஓடும் ரிசீவரின் மார்புக்கு ஓரடி முன்னால் வந்தால் அவர் வேகம் குறையாமல் பிடித்து இன்னும் 10 யார்டு ஓடுவார். முதுகுப் பக்கம் வந்தால் நின்று திரும்பிப் பிடிக்க வேண்டும். புள்ளிவிவரத்தில் இரண்டும் ஒரே கம்ப்ளீஷன். ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டிருந்தால் தனியாகக் குறித்து வையுங்கள். கல்லூரியில் ஆள் தனியாக நின்றபின் எறிந்தாலும் தப்பிக்கலாம். என்எஃப்எல்லில் அதற்குள் ரிசீவரை மறிக்கும் கார்னர்பேக் வந்துவிடுவார்.

4. எந்த மேட்ச்சைப் பாக்கறது? எல்லாத்தையும் பாக்க நேரம் இல்லையே.

ஹைலைட்ஸை ஒதுக்கிவிடுங்கள், அதில் எல்லாரும் நல்லவர்களே. நான்கைந்து முழு ஆட்டங்கள் போதும், தேர்வுதான் முக்கியம்: அந்தப் பருவத்தின் மிகப் பலமான தற்காப்போடு ஒன்று, தோற்ற ஆட்டம் ஒன்று, மழையிலோ காற்றிலோ ஒன்று, முந்தைய ஆண்டு ஆட்டம் ஒன்று. கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வளர்ச்சி தெரிய இரண்டு புள்ளி வேண்டும்.

நேரம் அதற்கும் இல்லையென்றால் மூன்றாம் டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) 7 யார்டுக்கு மேல் தேவைப்பட்ட ஸ்நாப்புகளை மட்டும் பாருங்கள். பாஸ்தான் வரப்போகிறது என்று எதிரணிக்கும் தெரியும், ஒளிந்துகொள்ள இடமில்லை.

5. கை பலம்னா எவ்வளவு தூரம் எறியிறாங்கங்கிறதா?

60 யார்டு எறிவது வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கும், ஆட்டத்தில் அதற்கு வேலை குறைவு. 2007இன் முதல் தேர்வான ஜமார்கஸ் ரஸ்ஸலின் கையை யாரும் குறை சொல்லவில்லை; மூன்றே பருவத்தில் அவர் கதை முடிந்தது. தேவைப்படுவது 15, 20 யார்டில் தட்டையாக, வேகமாக ஒரு பந்து.

அதைக் கல்லூரி ஃபிலிமில் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. களத்தில் பந்தை வைக்கும் ஹாஷ் கோடுகளுக்கு இடையே கல்லூரியில் 40 அடி, என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். ஆகவே கல்லூரியில் இடது ஹாஷிலிருந்து வலது எல்லைக்கோடு 100 அடி தள்ளி இருக்கும். அங்கே 15 யார்டில் ரிசீவர் வெளிப்பக்கம் திரும்பும் ரூட்டுக்கு எறிந்தால், குவார்ட்டர்பேக் பின்வாங்கிய தூரமும் சேர்ந்து பந்து காற்றில் ஏறத்தாழ 37 யார்டு போக வேண்டும். அது வளையாமல் போய்ச் சேர்ந்தால் கையைப் பற்றிய கேள்வியை முடித்துவிடலாம்.

கம்பைனில் (டிராஃப்டுக்கு முன் வீரர்களைச் சோதிக்கும் முகாம்) ராடார் வைத்து வேகம் அளப்பதுண்டு. ஜோஷ் ஆலன் 2018இல் மணிக்கு 62 மைல். டெஷான் வாட்சன் 2017இல் 49 மைல்தான், அதைக் காட்டிப் பலர் அவரை ஒதுக்கினார்கள். 2020இல் லீக்கிலேயே அதிக பாஸிங் யார்டு அவருடையது. எண்ணை எழுதிக்கொள்ளுங்கள், ஃபிலிமுக்கு மேலே வைக்காதீர்கள்.

6. காலேஜ்ல 70 சதவீதம் கம்ப்ளீஷன். இதுக்கு மேல என்ன குறை சொல்றீங்க?

எப்படி வந்த 70 என்று பிரிக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: 400 பாஸில் 280 கம்ப்ளீட், அதாவது 70 சதவீதம். அதில் 110 பாஸ் ஸ்கிரீன் எனும் குட்டிப் பாஸ் போல, ஸ்நாப்புக்குப் பந்து வைக்கும் ஸ்கிரிமேஜ் கோட்டுக்குப் பின்னாலேயே கொடுத்தவை, 102 கம்ப்ளீட். அவற்றைக் கழித்தால் 290க்கு 178. கிட்டத்தட்ட 61 சதவீதம். இப்போது வேறு ஆள் மாதிரித் தெரிகிறார் அல்லவா? கோட்டுக்குப் பின்னால், 0 முதல் 9 யார்டு, 10 முதல் 19, 20க்கு மேல் என்று நான்காகப் பிரித்துப் பாருங்கள். என்எஃப்எல் வாழ்க்கை அந்த 10 முதல் 19க்குள், அதுவும் களத்தின் நடுப்பகுதியில் இருக்கிறது.

கூட ஆடியவர்களையும் பாருங்கள். 2020இல் அலபாமாவில் மேக் ஜோன்ஸ் எறிந்த பந்தைப் பிடித்தவர்களில் டெவான்டா ஸ்மித் அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதாளர். ஸ்மித்தும் ஜேலன் வாடிலும் நஜீ ஹாரிஸும் 2021இல் முதல் ரவுண்டிலேயே போனார்கள். அப்படிப்பட்ட அணியில் தனியாக நிற்கும் ஆளுக்கு எறிவது அன்றாடம். ஜோன்ஸ் தவறு செய்தார் என்பதல்ல. கஷ்டமான பந்துகளை எண்ணித் தேட வேண்டியிருக்கும் என்பதுதான்.

7. சாக் விழுந்தா அது லைன்மேன் தப்புதானே, குவார்ட்டர்பேக் என்ன பண்ணுவார்?

நெருக்கடி வருவதில், குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை லைன்மேன்களின் பங்கு பெரிது. நெருக்கடி சாக்காக (பந்தை எறியுமுன் கோட்டுக்குப் பின்னாலேயே வீழ்த்தப்படுவது) முடிவதில் குவார்ட்டர்பேக்கின் பங்கு பெரிது. இந்த வித்தியாசத்துக்குத்தான் ஒரு விகிதம் பார்க்கிறார்கள்: நெருக்கடி வந்த ஸ்நாப்புகளில் எத்தனை சதவீதம் சாக்? 15க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 25ஐத் தொட்டால் எச்சரிக்கை. கல்லூரியிலிருந்து என்எஃப்எல்லுக்கு ஓரளவு மாறாமல் வரும் எண்களில் இது ஒன்று, ஏனென்றால் பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஒரு பழக்கம்.

ஃபிலிமில் அதை இப்படிப் பார்க்கலாம். வலது கார்டு (லைன்மேன்களில் ஒருவர்) தோற்று எதிரணி ஆள் உள்ளே வருகிறார். நல்லவர் கண்ணை இறக்காமல், பந்தை இரண்டு கையாலும் மார்போடு வைத்தபடி, இடதுபுறம் அரை அடி நழுவி மறுபடி எறியும் நிலைக்கு வருவார். மற்றவர் கண்ணை அந்த ஆள் மேல் இறக்கிவிடுவார். அந்தக் கணமே ஆழத்தில் ஓடும் மூன்று பேரும் அவருக்கு இல்லாமல் போகிறார்கள். இன்னொரு வகை பின்னால், பின்னால் என்று போய் 5 யார்டு இழப்பை 12 ஆக்குவது. கல்லூரியில் அப்படி ஓடித் தப்பியவரைக் கண்டு மயங்காதீர்கள். ஓரத்திலிருந்து பாயும் என்எஃப்எல் எட்ஜ் வீரர் பிடித்துவிடுவார்.

எல்லாப் பழியையும் அவர்மேல் போடவும் கூடாது. 2002இன் முதல் தேர்வு டேவிட் கார், புதிதாகத் தொடங்கிய ஹூஸ்டன் அணியில் முதல் பருவத்திலேயே 76 முறை சாக் ஆனார். அந்த அடியை வாங்கிய பிறகு யாருக்கும் கால் நிலைகொள்ளாது.

8. குள்ளமா இருந்தா ஆகாதா? கை அளவை எல்லாம் எதுக்கு அளக்கிறாங்க?

உயரத்தால் வரும் சிக்கல் நடுவில் எறியும்போது முன்வரிசைக்கு மேலே பார்க்க முடியாததும், பந்து தட்டிவிடப்படுவதும். டிரூ பிரீஸ் 6 அடி, ரஸ்ஸல் வில்சன் 6 அடிக்குக் கீழே. இருவரும் லைன்மேன்களுக்கு இடையிலான சந்துகளைத் தேடி நகரக் கற்றவர்கள். ஒருவர் 2001இல் இரண்டாம் ரவுண்டு, இன்னொருவர் 2012இல் மூன்றாம் ரவுண்டு. பிறகு கைலர் மர்ரியும் (2019) பிரைஸ் யங்கும் (2023) 5 அடி 10 அங்குலத்தில் முதல் தேர்வாகவே போனார்கள். உயரத்தைவிட உடல் கட்டு எங்களுக்குக் கவலை தரும். யங் கம்பைனில் 204 பவுண்டு. 17 ஆட்டத்தின் அடியை அந்த உடம்பு தாங்குமா என்பது நியாயமான கேள்வி.

கை அளவு என்பது விரித்த கையில் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை. 9 அங்குலத்துக்கு மேல் இருந்தால் யாரும் பேசமாட்டார்கள். குளிரிலும் மழையிலும் பிடி நழுவும், பந்து கைவிட்டுப் போகும் என்ற பயம்தான் காரணம். ஜோ பரோவுக்குச் சரியாக 9; ஒன்றும் ஆகவில்லை. கென்னி பிக்கெட்டுக்கு 8½. அளவு சிறிதாக இருந்தால் மழை ஆட்டத்தின் ஃபிலிமைத் தேடுங்கள், கல்லூரியில் எத்தனை முறை பந்தைத் தவறவிட்டார் என்று எண்ணுங்கள். விடை அங்கே இருக்கும்.

9. கம்பைன், புரோ டே... இதுல எதை நம்பறது?

இண்டியானாபோலிஸில் நடக்கும் கம்பைனில் அணிகளுக்கு மிகப் பெரிய பலன் மருத்துவப் பரிசோதனை. நமக்கு அது தெரியவே வராது. 40 யார்டு ஓட்டம் குவார்ட்டர்பேக்குக்குப் பெரிதாக ஒன்றும் சொல்லாது. டாம் பிரேடி 5.28 விநாடி எடுத்துக்கொண்டார். லமார் ஜாக்சன் ஓடவே இல்லை.

புரோ டே அவரவர் கல்லூரியில் நடப்பது. எதிரே தற்காப்பு கிடையாது, எந்தப் பந்துக்குப் பிறகு எந்தப் பந்து என்பது முன்கூட்டியே எழுதி ஒத்திகை பார்த்தது. 2021இல் ஸாக் வில்சன் ஓடிக்கொண்டே உடலுக்குக் குறுக்கே எறிந்த ஒரு பந்து நாடு முழுக்கப் பேசப்பட்டது. ஜெட்ஸ் அணி இரண்டாவதாக எடுத்தது, மூன்று பருவத்தில் கைகழுவியது. 2014இல் டெடி பிரிட்ஜ்வாட்டர் வழக்கமான கையுறை இல்லாமல் எறிந்து சொதப்பினார், 32ஆவது இடம்வரை சரிந்தார். அடுத்த ஆண்டே மினசோட்டாவுக்குப் பிரிவுப் பட்டம் வாங்கித் தந்தார். ஃபிலிமில் பார்க்க முடியாததை மட்டும் புரோ டேயில் தேடுங்கள்: கல்லூரியில் ஷாட்கன்னிலேயே (சில யார்டு தள்ளி நின்று பந்து வாங்கும் முறை) ஆடியவர், பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டரை ஒட்டி நின்று பந்து வாங்கிப் பின்வாங்கும்போது கால் தடுமாறுகிறதா என்பது போல.

10. புத்திசாலியான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? ஏதோ பரீட்சை வைப்பாங்களாமே?

12 நிமிடத்தில் 50 கேள்வி கொண்ட வொண்டர்லிக் தேர்வு பல காலம் இருந்தது. 2022இல் கம்பைன் அதைக் கைவிட்டது. பிறகு எஸ்2 என்ற கணினித் தேர்வு பேசப்பட்டது. 2023இல் சி.ஜே. ஸ்ட்ரவுடின் மதிப்பெண் மிகக் குறைவு என்று கசிந்தது. அந்தப் பருவத்தின் சிறந்த புதிய தாக்குதல் வீரர் விருதை அவரே வாங்கினார்.

நேர்காணலில் வெள்ளைப் பலகை முன் நடப்பதுதான் உபயோகமானது. பயிற்சியாளர் ஒரு புதிய ஆட்டத் திட்டத்தை அதன் முழுப் பெயரோடு கற்றுக்கொடுப்பார். பத்து நிமிடம் வேறு பேச்சு. பிறகு திடீரென்று "அதை வரைஞ்சு காட்டு, இடதுபக்கம் பிளிட்ஸ் வந்தா யாருக்கு எறிவே?" என்று கேட்பார். (பிளிட்ஸ் என்பது கூடுதல் ஆட்களை அனுப்பிக் குவார்ட்டர்பேக்கைத் தாக்குவது.) பல கல்லூரி அணிகளில் ஓரத்திலிருந்து சைகை காட்டினால் போதும். என்எஃப்எல்லில் ஹெல்மெட் ரேடியோவில் வரும் நீண்ட பெயரைக் கேட்டு ஹட்டிலில் கூடி நிற்கும் சக வீரர்களிடம் ஒப்பிக்க வேண்டும். ஸ்நாப்புக்கான கடிகாரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது ரேடியோ நின்றுவிடும், அதற்குப் பிறகு தனியாள்தான்.

11. குறைஞ்சது எத்தனை மேட்ச் ஆடியிருக்கணும்? வயசு அதிகமா இருந்தா பரவாயில்லையா?

சுமார் 25 ஆட்டம் தொடக்க வீரராக ஆடியிருந்தால் நம்பிக்கையோடு பேசலாம். அதற்குக் கீழே என்றால் தற்காப்பு அவரைப் படித்துப் பதில் தயாரித்த பிறகு அவர் என்ன செய்வார் என்பதைப் பார்த்திருக்கவே மாட்டோம். டிரே லான்ஸ் 17 ஆட்டம். அவருக்காக சான்பிரான்சிஸ்கோ மூன்று முதல் ரவுண்டு தேர்வுகளையும் ஒரு மூன்றாம் ரவுண்டையும் கொடுத்தது. அங்கே நான்கு ஆட்டம்தான் தொடங்கினார். மிட்செல் ட்ரூபிஸ்கி 13. விதிவிலக்கு கேம் நியூட்டன்: ஆபர்னில் 14 ஆட்டம், 2015இல் என்எஃப்எல் எம்விபி (பருவத்தின் சிறந்த வீரர்).

வயது மறுபக்கம். போ நிக்ஸ் 61 ஆட்டம் தொடங்கிய பிறகு 24 வயதில் வந்தார். 24 வயதுக்காரர் 19 வயதுக் கார்னர்பேக்கை ஏய்ப்பது பெரிய விஷயமில்லை என்பது சந்தேகக்காரர்களின் வாதம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் உடனே ஆடத் தயாரானவர் வேண்டும் என்ற டென்வருக்கு முதல் பருவத்திலேயே பிளேஆஃப் கிடைத்தது. எவ்வளவு உயரம் போவார் என்பதில் வயதுக்கு மதிப்பெண் குறையுங்கள், முதல் நாள் தயார்நிலையில் கூட்டுங்கள்.

12. துல்லியம் இல்லாதவரைத் திருத்த முடியுமா? ஜோஷ் ஆலன் திருந்தலையா?

திருந்தினார். கல்லூரியில் கடைசி ஆண்டு 56 சதவீதம், என்எஃப்எல் முதல் ஆண்டு 52.8, மூன்றாம் ஆண்டு 69.2. அதிலிருந்து எல்லாரும் எடுத்துக்கொண்ட பாடம்தான் தவறு. 2023இல் நான்காவதாகப் போன ஆன்டனி ரிச்சர்ட்சன் 4.43 விநாடியில் ஓடினார், கடைசிக் கல்லூரி ஆண்டில் 53.8 சதவீதம். "அடுத்த ஆலன்" என்றார்கள். 2024இல் அவர் சதவீதம் 47.7.

தவறின் வகையைப் பாருங்கள். கால் சரியாக ஊன்றாததால், தோள் முன்கூட்டியே திறப்பதால் பந்து உயரப் போனால் காரணம் தெரிகிறது, பயிற்சியில் சரிசெய்ய இடமிருக்கிறது. கால், தோள் எல்லாம் ஒழுங்காக இருந்தும் சும்மா நிற்கும் ஆளுக்குத் தரையில் ஒன்று, தலைக்கு மேல் ஒன்று என்று போனால் அதற்கு மருந்து அரிது. ஆலனுக்குச் சொல்லிக்கொடுக்கப் பொறுமையான அணியும், 2020இல் ரிசீவர் ஸ்டெஃபன் டிக்ஸும் கிடைத்ததையும் கணக்கில் சேருங்கள்.

13. ஹைஸ்மன் வாங்கினவர் நல்லா ஆடத்தானே செய்வார்?

அது கல்லூரிப் பருவத்துக்கான பரிசு. 2003இல் வாங்கிய ஜேசன் வைட்டை எந்த அணியும் எடுக்கவில்லை. 2006இல் வாங்கிய டிராய் ஸ்மித் ஐந்தாம் ரவுண்டு.

14. இத்தனை ஸ்கவுட், இத்தனை ஃபிலிம். அப்புறமும் ஏன் பாதிக்குப் பாதி தப்பாகுது?

2018ஐ எடுத்துக்கொள்வோம். பேக்கர் மேஃபீல்டு 1, சாம் டார்னல்டு 3, ஜோஷ் ஆலன் 7, ஜோஷ் ரோஸன் 10, லமார் ஜாக்சன் 32. கடைசியில் போனவர் இரண்டு எம்விபி வாங்கினார். ஆலனும் ஒன்று வாங்கினார். ரோஸனை அரிசோனா ஒரே ஆண்டில் விற்றது. மேஃபீல்டு மூன்று அணி மாறித் தாம்பாவில் நிமிர்ந்தார். டார்னல்டு 2024இல் மினசோட்டாவோடு 14 வெற்றி கண்டார். அந்த இருவரையும் 2021இல் கேட்டிருந்தால் தோல்வி என்று எழுதியிருப்போம்.

மதிப்பீடு தப்பியது ஒரு பங்கு. எடுத்த அணி அவரைக் கெடுத்தது இன்னொரு பங்கு, அது சிறியதல்ல. 7ஆம் பதிலில் சொன்ன டேவிட் கார் அதற்குச் சாட்சி. பேட்ரிக் மஹோம்ஸை 2017இல் கேன்சஸ் சிட்டி 27ஆம் இடத்திலிருந்து 10க்கு ஏறி எடுத்தது. அலெக்ஸ் ஸ்மித் பின்னால் ஒரு பருவம் உட்காரவைத்து, ஓர் ஆட்டத்தில் மட்டும் இறக்கியது. ஆகவே உங்கள் அறிக்கையில் வீரருக்கு ஒரு மதிப்பெண் போடும்போது, எந்த வகை அணியில் இது செல்லும் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

15. ரெண்டு பேர் சமமாத் தெரிஞ்சா எப்படிப் பிரிக்கிறது?

இருவரின் மோசமான பத்து ஸ்நாப்பை அடுத்தடுத்து ஓட்டுங்கள். ஒருவர் தவறுவது அதிக ஆசையால்: இரண்டு பேருக்கு நடுவே திணிக்கப் பார்ப்பது. இன்னொருவர் தவறுவது பார்க்காததால்: கீழே நின்ற லைன்பேக்கரைக் கவனிக்காமல் அவர் கையிலேயே கொடுப்பது. முதலாமவரை எடுங்கள். இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துவிட்ட பாஸ்) எண்ணிக்கையை நம்ப வேண்டாம்; எதிரணி நழுவவிட்ட பந்துகளும் இன்டர்செப்ஷன்தான் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அதிலும் சமம் என்றால் 7ஆம் பதிலின் விகிதம், பிறகு ஆட்டங்களின் எண்ணிக்கை. உயரம், ஓட்ட வேகம் எல்லாம் அதற்கும் பிறகுதான்.

16. பிரேடி 199ஆவது, பர்டி 262ஆவது. அப்போ கடைசி ரவுண்டுல எடுத்துக்கலாமே, முதல் தேர்வை ஏன் வீணாக்கணும்?

அந்த இரண்டு பேரும் நினைவில் நிற்பதே அப்படி நடப்பது அபூர்வம் என்பதால். ஆறு, ஏழாம் ரவுண்டில் எடுக்கப்படும் குவார்ட்டர்பேக்குகளில் பெரும்பாலோர் ஒரு ஆட்டம்கூடத் தொடங்காமல் போகிறார்கள். பிரேடியை 2000இல் எடுத்த நியூ இங்கிலாந்துமே ஐந்து ரவுண்டு அவரைத் தாண்டிப் போனது. எல்லாம் தெரிந்து காத்திருந்தது என்று சொல்ல முடியாது.

கடைசி ரவுண்டில் எடுப்பதாக இருந்தால் பிராக் பர்டி மாதிரியானவரை எடுங்கள்: அயோவா ஸ்டேட்டில் நான்கு ஆண்டு தொடக்க வீரர், பந்தைச் சீக்கிரம் விடுபவர், குறையாகச் சொல்லப்பட்டது உயரமும் கை பலமும். குறை உடலில் இருந்து, பார்வையும் தாளமும் சரியாக இருப்பவருக்கு அந்த விலையில் ஒரு வாய்ப்பு கொடுக்கலாம். உடல் வாகு அபாரம், 3ஆம் பதிலில் சொன்ன எதுவும் இல்லை என்பவரை ஏழாம் ரவுண்டிலும் எடுக்க வேண்டாம்; அவரைத் தேற்றத் தேவையான பயிற்சி ஸ்நாப்புகள் மூன்றாம் நிலை குவார்ட்டர்பேக்குக்குக் கிடைக்காது.